எல்லைப்புறத் தமிழ் வகுப்பறையும் நாளைய ஆசிரியரும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை என நிற்கும் ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களிலும் தமிழ் வழியே பாடம் நடக்கும் வகுப்பறைகள் உள்ளன என்பது நம் இல்லத்தார் பலரும் அறிந்ததே. அறிந்தது மட்டுமன்று, நம்முள் பலர் அவ்வகுப்பறைகளின் பெஞ்சுகளில் அமர்ந்து படித்தவர்கள். பலருடைய பிள்ளைகள் இன்றும் அங்கே படிக்கின்றனர். சிலருடைய பெண்மக்கள் அங்கே ஆசிரியைகளாகப் பணிபுரிய வேண்டும் என்னும் எண்ணத்தோடு பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்திருக்கின்றனர். இக்கட்டுரை அப்பெண்மக்களைப் பற்றியது. இளைஞரையும் சேர்த்தே சொல்லுகிறோம், ஆயினும் இத்துறையில் பெண்களே மிகுதி.

பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகா பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை யாவும் கேரளத்தில் நின்றன. அது பற்றிய பழைய வழக்கை இங்கே மீண்டும் எடுத்துப் பேச நாம் விரும்பவில்லை. அதே ஆண்டில் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று விதிக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவிற் கொள்வது போதும். கேரளத்தில் இன்றளவும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் எழுதலாம். ஆண்டுதோறும் தேர்வெழுதும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவருள் தமிழில் எழுதுவோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்.

நான்கு இலட்சத்தில் இரண்டாயிரம்! இந்தக் கணக்கு ஒன்றே நம் பொருளுக்குத் திறவுகோல் போன்றது. வகுப்பறைக்குப் புதிய கருவி ஒன்று வரும்போது அதற்குரிய பாடங்கள் முதலில் பெருந்தொகையினரின் மொழியில் ஆக்கப்படுகின்றன. சிறுதொகையினரின் மொழிக்கு அவை பின்னரே வருகின்றன. சில வேளைகளில் வராமலே போகின்றன. இதில் எவரையும் குறைகூறிப் பயனில்லை. அளவு அவ்வாறு இருக்கிறது. ஆனால் அவ்விடைவெளியை நிரப்ப வல்லவர் ஒருவரே. அவர் தமிழ் வகுப்பறையின் ஆசிரியர். கருவியைக் கையாளவும், பாடத்தைத் தமிழில் தாமே ஆக்கிக்கொள்ளவும் அவர் பழகியிருப்பாராயின் குறை பெரிதும் நீங்கும். பழகாதிருப்பின், சுவரில் புரொஜெக்டர் தொங்கும். குழந்தைகள் புரியாத மொழியில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

பழகுவதற்குரிய காலம் எது? பணியில் அமர்ந்த பின்னரா, பயிற்சிக் காலத்திலேயா? பயிற்சிக் காலத்திலேயே என்பது நம் கருத்து.

முன்னாளில் நம் வீடுகளில் டி.டி.சி. என்று சொல்லப்பட்ட தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி இப்பொழுது டி.எல்.எட். எனப்படுகின்றது, இரண்டாண்டுப் படிப்பு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்குரிய பி.எட். படிப்பும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின்னர் இரண்டாண்டாயிற்று. அவ்விதிகளோடு வந்த பாடத்திட்டத்தில், தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து அறிதல் என்பது ஒரு தனிப் பகுதியாகவே வைக்கப்பட்டது. ஆகவே ஏட்டளவில் இப்பொருள் புறக்கணிக்கப்படவில்லை. ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. கைக்கு வருவதற்கு ஏற்பட்டவையே பயிலரங்குகள், செயல்முறை முகாம்கள், ஓரிரு நாள் கூட்டங்கள் ஆகியவை.

இவற்றை நடத்தத்தக்க நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலனாகும். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. அதைச் சுருக்கமாக டயட் என்பர். பாலக்காட்டு டயட் ஆனக்கரையில் உள்ளது. ஆனக்கரை மாவட்டத்தின் மேற்குக் கோடி, பாரதப்புழையை ஒட்டிய பகுதி. தமிழ்ப் பள்ளிகளோ கிழக்குக் கோடியில். இடுக்கி டயட் தொடுபுழாவில் உள்ளது. அதுவும் மலையின் மேற்கு அடிவாரம். தமிழ்ப் பள்ளிகள் மலையின் உச்சியிலும் அதற்கப்பாலும். மூணாற்றிலிருந்து தொடுபுழாவுக்கு இறங்கி வர மலைப்பாதையில் மூன்று மணி நேரம் போல ஆகும். காலைக் கூட்டத்துக்கு வரவேண்டிய ஒரு மாணவ ஆசிரியை முதல் நாளே புறப்பட வேண்டும். இரவு தங்க இடம் வேண்டும். உடன் வர ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டார் சொல்வர். இத்தனையும் கூடி வராமற்போனதால் நின்றுவிட்ட பயிற்சிகள் எத்தனையோ என்று நாம் எண்ணுகிறோம். பயிலரங்கு எவ்வளவு சிறந்ததாயினும் அது நடக்கும் இடம் சித்தூருக்கோ மூணாற்றுக்கோ வாராதவரை நம் பெண்களுக்குப் பயன் குறைவே. சித்தூரில் 1947ஆம் ஆண்டிலேயே தோன்றிய அரசுக் கல்லூரி இருக்கின்றது. அங்கே தமிழ்த் துறையும் உண்டு. மூணாற்றிலும் அரசுக் கல்லூரி உண்டு. 2018ஆம் ஆண்டு மழையின் நிலச்சரிவில் அதன் கட்டடங்கள் சேதமுற்றன. இத்தகைய இடங்களில் ஆண்டுக்கு இருமுறையேனும் தமிழ் வழி மாணவ ஆசிரியர்க்கென்றே முகாம் நடத்துவது இயலாத காரியமன்று.

நிற்க. கருவியைக் காட்டி ஆசிரியரை மயக்குவது புதிய பழக்கமன்று. மின்விளக்கைத் தந்த எடிசன், பள்ளிகளிற் புத்தகமே வேண்டாத காலம் விரைவில் வரும், திரைப்படமே யாவற்றையும் கற்பிக்கும் என்னும் பொருள்படப் பேசியது 1913ஆம் ஆண்டில். புத்தகம் இன்னும் இருக்கிறது. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணைகொண்டு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அனுப்பப்பட்டது. ‘சைட்’ என்று பெயர் பெற்ற அம்முயற்சியில் கேரளமும் தமிழ்நாடும் இடம்பெறவில்லை. ஆயினும் அதில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு நிகழ்ச்சி காட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் முறையிலே அதே தொலைக்காட்சி வழியாகப் பயிற்சியும் அளித்தனர். கருவியோடு ஆசிரியரையும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று உணர்ந்த முதல் பெருமுயற்சிகளுள் அது ஒன்று. 1984இல் பள்ளிகளுக்குக் கணிப்பொறி கொண்டுவந்த ‘கிளாஸ்’ திட்டம் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்வதற்கில்லை. நாடெங்கும் ஒரு சில நூறு பள்ளிகளோடு தொடங்கிய அத்திட்டம் வகுப்பறையின் அன்றாட வாழ்வோடு கலக்கவேயில்லை. தலைமையாசிரியரின் அலமாரி, அதன் பூட்டு, அதன் சாவி ஆகிய மூன்றும் நம் நாட்டுக் கல்விக் கருவிகளின் வரலாற்றில் பெரும் பங்கு பெற்றவை என்று சொன்னால் நம் ஆசிரிய நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள்.

கேரளத்தின் கதை இதனின்றும் வேறுபட்டது என்பதை மனமுவந்து சொல்லவேண்டும். 2001ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கியது. 2004 செப்டம்பரில் இந்தியா கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை ஏவியது. அதனை ஒட்டி 2005இல் விக்டர்ஸ் என்னும் கல்வித் தொலைக்காட்சியை அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். 2017இல் ஐ.டி. அட் ஸ்கூல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக மாறியது. அடுத்த ஆண்டு முதல் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் இணையத் தொடர்பும் தரும் வேலை நடந்தது. பின்னர் 11,275 தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினிக் கூடம் வந்தது. 2020 அக்டோபர் 12ஆம் நாள், பொதுக்கல்வித் துறை முழுதும் மின்னியல் வழிப்பட்டதாயிற்று என்று மாநில அரசு அறிவித்தது.

இத்திட்டத்தில் நாம் மிகவும் போற்றும் செயல் ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விலக்கி, எவரும் இலவசமாகப் பெற்று எவரும் திருத்திக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் நிலைநாட்டினர். கணக்கு வடிவங்களுக்கு ஜியோஜீப்ரா, ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, படம் வரைய இங்க்ஸ்கேப், சிறுவர் நிரல் எழுதிப் பழக ஸ்கிராட்ச் எனப் பலவும் ஒரே தொகுப்பாக வருகின்றன. ஏழை வீட்டு மாணவ ஆசிரியைக்கு இதன் பொருள் என்ன? பள்ளியில் உள்ள அதே மென்பொருளைத் தன் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலும் ஒரு காசும் கொடாமல் நிறுவிக்கொள்ளலாம். இணையத் தொடர்பு இல்லாமலே பெரும்பாலானவை இயங்கும். எஸ்டேட் லயத்தில் வாழும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் சிறிய நன்மைகளல்ல.

இனி, பயிலரங்கில் என்ன நடக்கவேண்டும் என்பதைப் பார்ப்போம். நாம் அறிந்த கூட்டங்கள் பலவற்றில் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று முற்பகல் கழியும். தேநீருக்குப் பின் ஒருவர் திரையிலே பொத்தான்களைக் காட்டுவார். பிற்பகலில் நன்றியுரையும் சான்றிதழும். இவ்வாறு நடந்த கூட்டத்திலிருந்து வீடு திரும்பும் மாணவ ஆசிரியையின் கைப்பையில் சான்றிதழ் இருக்கும். கையில் பழக்கம் இராது.

அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு கருத்தை வற்புறுத்தினார். பாடப்பொருளை அறிதல் ஒன்று, கற்பிக்கும் முறையை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டும் கூடி, ‘இப்பாடத்தை இக்குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது’ என்னும் மூன்றாம் அறிவு ஒன்று உண்டு, ஆசிரியரை ஆசிரியராக்குவது அதுவே என்றார். இருபதாண்டுகள் கழித்து, 2006இல், புண்ய மிஸ்ரா என்னும் இந்தியரும் மேத்யூ கோலர் என்பவரும் அதனோடு கருவி அறிவையும் சேர்த்து விரித்தனர். கருவியைத் தனியே கற்பிப்பதில் பயனில்லை. பாடமும் முறையும் கருவியும் ஒன்றோடொன்று பின்னிய நிலையிலேயே கற்கவேண்டும் என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

இதனை நம் ஊர்ப் பாடத்தாலேயே விளக்கலாம். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற இடைவெளி அது. அதன் வழியே இரயில் போகிறது, காற்று வருகிறது, நம் முன்னோரும் வந்தனர். மாவட்டத்தின் மேற்கே மழை கொட்டும்போது கிழக்கே இக்குழந்தைகளின் ஊரில் கிணறு வறண்டு கிடப்பது ஏன் என்பது அவர்கள் வீட்டில் நாள்தோறும் பேசப்படும் கேள்வி. கருவியை மட்டும் கற்ற ஆசிரியை வலையிலிருந்து அழகிய மலைப்படம் பத்தை எடுத்துத் திரையில் ஓட்டுவார். பாடம், முறை, கருவி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கற்றவர் ஒரே ஒரு நிலப்படத்தைத் திரையில் நிறுத்தி, ‘நம் ஊர் எங்கே?’ என்று கேட்பார். ஒரு குழந்தை எழுந்து சென்று விரலால் காட்டும். ‘மழைமேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?’ என்று அடுத்த கேள்வி வரும். வீட்டிற் சென்று பாட்டனாரிடம் கிணற்றின் ஆழத்தைக் கேட்டு எழுதி வரச் சொல்வார். மறுநாள் அவ்வெண்களையே கட்டப்படமாக வரைந்து காட்டுவார். புரொஜெக்டர் ஓடிய நேரம் பத்து நிமிடந்தான். ஆனால் பாடம் நடந்தது.

மலைப்பகுதிக்கும் இவ்வாறே சொல்லலாம். மூணாற்றுப் பக்கத்துக் குழந்தைகளுக்கு நீலக்குறிஞ்சி தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அப்பொழுது எத்தனையாம் வகுப்பில் இருக்கும் என்று கேட்டாலே கணக்குப் பாடம் தொடங்கிவிடும்.

பழக்கத்துக்கு நுண்நிலைக் கற்பித்தல் என்னும் முறையை நாம் மிகவும் பரிந்துரைக்கிறோம். இது 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் உருவாக்கியது. மாணவ ஆசிரியர் ஒருவர் சிறு குழுவுக்கு, சிறு பகுதியை, சில நிமிடமே கற்பிப்பார், அது படமாக்கப்படும், பின் அவரே அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டு மறுபடி கற்பிப்பார். நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவினர் இதற்கு ஒரு கால அளவை வகுத்தனர். கற்பிக்க 6 நிமிடம், குறைநிறை கேட்க 6, மறுதிட்டம் தீட்ட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் கேட்க 6. ஆக 36 நிமிடம். ஆலன் காலத்தில் படமெடுக்கும் கருவி பெரும் சுமை, பெரும் விலை. நம் பயிற்சிப் பள்ளிகளில் அக்கருவி இல்லாமலே, தோழியர் வாய்மொழியாகச் சொல்லும் குறைநிறையோடு இம்முறை பல்லாண்டு நடந்தது. இன்று ஒவ்வொரு மாணவ ஆசிரியையின் கையிலும் உள்ள அலைபேசியே அக்கருவி! ஜன்னலோரத்தில் அதைச் சாய்த்து வைத்தால் போதும். தாம் கரும்பலகைக்கு முதுகு காட்டாமல் திரைக்கு முதுகு காட்டி நிற்பதையும், குழந்தையின் விடை வருமுன் தாமே விடை சொல்லிவிடுவதையும், தமிழ்ச் சொல் நினைவுக்கு வாராத இடத்தில் மலையாளச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ புகுவதையும் அவரே பார்ப்பார். வேறு எவரும் அவ்வளவு பயனுறச் சொல்ல முடியாது.

தமிழில் தட்டெழுதுவது பற்றியும் இங்கே விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் பெண்கள் முதலில் தடுமாறும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை வழக்கில் உள்ளது. கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் என்னும் விசைப்பலகை கற்பிக்கப்படுகிறது. ‘எங்களுக்கு மலையாளத் தட்டச்சு வரும், தமிழ் வராது’ என்று சொல்லும் மாணவியர் உண்டு. அவர்கள் அறியாதது என்னவென்றால், இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்தது. மலையாளத்தில் ககரத்துக்கு எந்த விசையோ தமிழ்க் ககரத்துக்கும் அதே விசை, மகரத்துக்கும் அப்படியே, நம் இரு மொழிகளும் பெருமை பாராட்டும் ழகரத்துக்கும் அப்படியே. கணினியில் மொழியை மட்டும் தமிழாக மாற்றிவிட்டு மலையாளத்துக்குப் பழகிய அதே விரல்களால் தமிழை அடிக்கலாம். புதிதாகக் கற்க வேண்டுவது மிகச் சிறிது. இதை ஒரு பயிலரங்கின் முதல் அரைமணியில் காட்டிவிடலாம்.

மற்றொரு இடர் பழைய எழுத்துருக்களால் வருவது. யூனிகோடு பரவுமுன் பாமினி முதலிய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் கைமாறிக் கைமாறி இன்னும் உலவுகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பது போல் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவோர் உளர். அது கெடவில்லை, யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச வசதிகள் பல உள்ளன.

பாடப்பொருள் எங்கே கிடைக்கும்? கைட் நிறுவனத்தின் சமக்ரா என்னும் இணைய வாயிலில் தமிழ் வழிக்கும் இடம் உண்டு. கணினிப் பாடநூல்களும் தமிழில் வருகின்றன. 2025இல் பத்தாம் வகுப்பினர் அனைவர்க்கும் ரோபோ இயல் பாடமாக வந்தபோது அந்நூலும் தமிழிலும் கன்னடத்திலும் வந்தது. மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், பாடநூல்களில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீடுகளும், மணற்கேணி செயலியும் இருக்கின்றன. அவை தமிழில் இருப்பதால் அப்படியே எடுத்துக் காட்டிவிடலாம் என்று மாணவ ஆசிரியர் எண்ணக்கூடும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நம் குழந்தைகள் படிப்பது கேரளப் பாடத்திட்டம். மொழி ஒன்றாயினும் பாடவரிசை வேறு, கலைச்சொல்லும் சில இடங்களில் வேறு. எடுத்ததை வெட்டி, வரிசை மாற்றி, சொல்லைத் திருத்திக்கொள்ளும் கைத்திறனே பயிலரங்கில் கற்பிக்கப்பட வேண்டியது. எல்லையில் வாழ்வோர்க்கு இரு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அதைப் பயன்படுத்தாமலிருப்பது பேதைமை.

2020ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிய அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள் கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கின. மலையாள வழிக் குழந்தைகள் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்த்தனர். தமிழ் வழி வகுப்புகளோ பெரும்பாலும் யூடியூபில், பாலக்காட்டு மாவட்ட மையத்தின் வழியே வந்தன. அவற்றைச் செய்தளித்த ஆசிரியர்களின் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் விளைவை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சிக்குக் கூரைமேல் ஒரு தட்டு போதும். யூடியூபுக்கு இணையம் வேண்டும். எந்த எஸ்டேட்டுகளில் அலைபேசி அலை எட்டாதோ அங்கேயே தமிழ்க் குழந்தைகள் மிகுதி. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலம் சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களிற் குழந்தைகளும் இருந்தனர். தொடர்பு அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியதே மறுநாட் காலையில்தான். உயிர் காக்கும் செய்திக்கே வழியில்லாத மலையில் கணக்குப் பாடம் எவ்வாறு வந்து சேரும்?

ஆகவே, எல்லைப்புற மாணவ ஆசிரியர்க்கு நடக்கும் எந்தப் பயிலரங்கும் இணையம் அறுந்துபோன நாளையும் மின்சாரம் போன நாளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பாடத்தை முன்னரே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுதல், சிறு ஒலிபெருக்கியும் அலைபேசியும் கொண்டே ஒரு கதையைக் கேட்கச் செய்தல், அச்சிட்ட ஒரு தாளைக் கொண்டே அதே பாடத்தை நடத்திக் காட்டுதல் ஆகியவற்றைப் பயிலவேண்டும். பரம்பிக்குளம் கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியே அங்குச் செல்ல வேண்டுமாயின் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே சுற்றிச் செல்லவேண்டும். அத்தகைய பள்ளிக்குப் பயிற்சிக் காலத்தில் அனுப்பப்படும் ஒருவர்க்கு, திரையில் ஒன்றும் வாராதபோது வகுப்பை நடத்தத் தெரிவதே முதல் தொழில்நுட்பம் என்போம்.

அண்மைக் காலத்துச் செய்தி செயற்கை நுண்ணறிவு. 2024 மே 2ஆம் நாள் முதல் கேரளத்தில் உயர்நிலை, மேனிலைப் பள்ளி ஆசிரியர் 80,000 பேருக்கு மூன்று நாள் பயிற்சி இப்பொருளில் தொடங்கியது. பெரிய முயற்சி, நல்ல முயற்சி. ஆனால் அது பணியில் இருப்போர்க்கு உரியது. இத்தகைய பயிற்சிகளில் பின்வரிசையில் நான்கு நாற்காலி போட்டு அவ்வட்டாரத்து மாணவ ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டால் செலவு ஒன்றும் கூடிவிடாது. இப்பொறிகள் எழுதும் தமிழைப் பற்றி ஒரு சொல்: கேட்டவுடன் பாடக்குறிப்பு வருகிறது, பார்வைக்குச் செம்மையாகவும் இருக்கிறது, ஆயினும் ஒற்றுப்பிழை, பொருந்தாச் சொல், நம் பாடநூலில் இல்லாத கலைச்சொல், சில வேளை உண்மையல்லாத செய்தி ஆகியவை இடையே கலந்து வருகின்றன. திருத்தத் தெரிந்தவர் கையில் அது நல்ல துணை. தெரியாதவர் கையிலிருந்து பிழை நேரே குழந்தையின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும். தமிழை நன்கு கற்பது பழைய வேலை, கணினியைக் கற்பது புதிய வேலை என்று பிரித்துப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இல்லத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. பெண்ணை இரண்டு நாள் முகாமுக்கு வெளியூர் அனுப்பத் தயங்கும் தாய்தந்தையர், அதே ஊரிலிருந்து செல்லும் இரண்டு மூன்று மாணவியரைச் சேர்த்து அனுப்பலாம். கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் விலையுயர்ந்த மடிக்கணினி வாங்கித் தரவேண்டும் என்று கடன்பட வேண்டுவதில்லை. பழையதொன்று போதும் என்பதை மேலே சொன்னோம். ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கேரளத்தின் கே-டெட் தேர்வில் தொடக்க நிலைக்குரிய மொழித் தாளில் மலையாளம், தமிழ், கன்னடம் மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்றே தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணியிடங்களைக் கேரளத் தேர்வாணையம் அறிவிப்பதும் உண்டு. வீட்டுக்கு அண்மையில் இருக்கிறது என்று தேனியிலோ கோவையிலோ ஆசிரியர் பயிற்சி பெற்று, மீண்டு கேரளப் பள்ளியில் பணி தேடுவோர்க்கு அங்குப் பெற்ற சான்றிதழின் இணைத்தகுதி பற்றிய கேள்வி எழும். தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வு கே-டெட்டுக்கு ஈடாகாது. சேருமுன்னரே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாண்டு படித்து முடித்தபின் அலைவது மிகவும் வருத்தம் தருவது.

கடைசியாக நம் சங்கத்தின் பக்கம் ஒரு செய்தி. அரசும் நிறுவனங்களும் மலைமேல் வந்து முகாம் நடத்தும் நாள் வரை காத்திருக்க வேண்டுவதில்லை என்று நினைக்கிறோம். நுண்நிலைக் கற்பித்தலுக்கு வேண்டுவது 36 நிமிடம், ஓர் அலைபேசி, எதிரில் அமர்ந்து கேட்க ஐந்தாறு பேர். சனிக்கிழமை மாலைகளில் நம் சங்க மண்டபம் ஒழிவாகவே இருக்கின்றது. மின் இணைப்பு உண்டு, நீண்ட மேசை உண்டு, வெள்ளையடித்த சுவரும் உண்டு. பயிற்சிப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லத்தார் செயலாளரிடம் பெயர் கொடுத்தால், ஆறு பேர் சேர்ந்த அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம். முதல் மாலை தமிழ்த் தட்டெழுத்து. இரண்டாம் மாலை முதல், ஒருவர்க்கு ஆறு நிமிடம்.